பொறிவினைஞரின் ஆசான்

கை பழகினால் தொழில் வரும். கருத்தும் பழகினால்தான் அத்தொழில் சிறக்கும். ஓடும் பொறியை ஓட்டுதல் பழக்கத்தால் கைகூடும். பழுதுற்று நின்ற பொறியை மீண்டும் ஓடச் செய்வதற்கோ, அஃது எவ்வாறு இயங்குகிறது என்னும் அறிவு வேண்டும். இவ்வறிவைப் புகட்டும் தொழிற்பயிற்சி நிலையங்கள் இன்று எங்கும் உள்ளன. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகட்கு முன் அறிவியல் செல்வர்க்கும் கற்றோர்க்குமே உரியதாகக் கருதப்பட்டது. அதனைப் பட்டறைத் தொழிலாளர்க்கும் உரியதாக்கப் பாடுபட்டவருள் முதன்மையானவர் ஜார்ஜ் பிர்க்பெக் என்னும் பெரியார்.

இவர் இங்கிலாந்து நாட்டில், யார்க்ஷயர்ப் பகுதியைச் சேர்ந்த செட்டில் என்னும் சிற்றூரில், 1776 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வணிகமும் வட்டித் தொழிலும் நடத்தியவர். மகனோ மருத்துவத்தை விரும்பி, எடின்பரோ நகரிற் பயின்று பட்டம் பெற்றார். 1799 ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரின் ஆண்டர்சன் கல்வி நிலையத்தில் பௌதிகப் பேராசிரியராக அமர்ந்தார். அப்போது அவருக்கு அகவை இருபத்து மூன்றே.

பாடம் நடத்தக் கருவிகள் வேண்டும். ஆனால் அந்நகரில் அறிவியற் கருவிகள் செய்து தருவோர் அரியர். ஆகவே, பேராசிரியர் தாமே பட்டறைகளை நாடிச் சென்று, தமக்கு வேண்டியவற்றைத் தொழிலாளரிடம் விளக்கிச் செய்வித்தார். ஒருநாள், நீரிறைக்கும் பொறி ஒன்றின் மாதிரி தகரவேலைப் பட்டறை ஒன்றில் உருவாகிக்கொண்டிருந்தது. அங்கிருந்த தொழிலாளர் அதனைச் சூழ்ந்து நின்று, அஃது எதற்குப் பயன்படும், எவ்வாறு வேலை செய்யும் என்று ஆவலுடன் வினவினர். அவ்வினாக்களின் கூர்மை பிர்க்பெக்கை வியப்பில் ஆழ்த்தியது. நாள்தோறும் பொறிகளோடு உழலும் இம்மக்களுக்கு அவற்றின் தத்துவத்தை எடுத்துரைப்பார் ஒருவருமிலரே என்று அவர் உள்ளம் வருந்தினார்.

உடனே கல்வி நிலையத்தின் நிருவாகிகளை அணுகி, தொழிலாளர்க்குச் சனிக்கிழமை மாலைகளில் கட்டணமின்றிப் பாடம் சொல்ல இசைவு வேண்டினார். அவர்களோ இதனைக் கனவென்றே எண்ணினர். அழைத்தால் தொழிலாளர் வாரார், வந்தாலும் செவிகொடார், செவிகொடுத்தாலும் விளங்கிக்கொள்ளார் என்பது அவர்தம் கருத்து. பிர்க்பெக் தளரவில்லை. 1800 ஆம் ஆண்டில் வகுப்புத் தொடங்கியது. முதல் நாள் 75 பேர் வந்தனர். இரண்டாம் பொழிவுக்கு 200 பேரும், மூன்றாவதற்கு 300 பேரும், நான்காவதற்கு 500 பேரும் திரண்டனர். நிருவாகிகளின் ஐயத்துக்குத் தொழிலாளரே விடையளித்துவிட்டனர்.

சில ஆண்டுகட்குப் பின் பிர்க்பெக் கிளாஸ்கோவை விட்டு நீங்கி, இலண்டனில் மருத்துவராகப் புகழெய்தினார். ஆயினும், அவர் மூட்டிய விளக்கு அணையவில்லை. 1823 ஆம் ஆண்டில் கிளாஸ்கோத் தொழிலாளர் தமக்கெனத் தனிக் கழகம் அமைத்தனர். அதே ஆண்டு நவம்பர் 11 ஆம் நாள் இலண்டனிலும் பெருங்கூட்டம் கூடிற்று. அதன் பயனாக இலண்டன் பொறிவினைஞர் கழகம் தோன்றியது. பிர்க்பெக் அதன் தலைவரானார். ஆட்சிக் குழுவில் மூன்றில் இருபங்கினர் தொழிலாளராகவே இருத்தல் வேண்டும் என்பது விதி. கழகத்துக்குச் சொற்பொழிவு மன்றம் எழுப்பப் பணம் போதாதபோது, அவர் தம் பொருளைக் கடனாக வழங்கினார்.

எதிர்ப்பும் எழாமலில்லை. தொழிலாளர் கற்றால் அடங்கி நடவார் என்று செல்வர் சிலர் அஞ்சினர்; தீமையின் வித்தை விதைப்பவர் என்று பிர்க்பெக்கைத் தூற்றினர். மற்றொரு தடை இதனினும் பெரிது. நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர்க்கு மாலையிற் கற்பது எளிதன்று. பலர்க்கு அடிப்படைக் கணக்கும் தெரியாது. ஆதலின், கழகம் எண்கணிதம், வடிவகணிதம், வரைபடம் ஆகியவற்றுக்கும் வகுப்புகள் நடத்தியது. 1830 ஆம் ஆண்டில் பெண்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

1841 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் பிர்க்பெக் மறைந்தார். இறுதிவரை அவரே கழகத்தின் தலைவராக விளங்கினார். பிரிட்டனின் பல நகரங்களிலும், கடல் கடந்து ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய கழகங்கள் எழுந்தன. அவர் நிறுவிய இலண்டன் கழகம் பின்னர் அவர் பெயரையே தாங்கி, 1920 ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. பகலில் உழைப்போர்க்கு மாலையிற் கற்பிக்கும் மரபை அஃது இன்றும் போற்றி வருகிறது.

பட்டறையில் எழுந்த வினாக்களைப் பிர்க்பெக் புறக்கணித்திருந்தால் இவையெல்லாம் தோன்றியிரா. கேட்போர் எளியர் என்று கருதாது, கேட்கப்படும் வினாவின் பெருமையைக் கண்டதே அவர்தம் சிறப்பு. மாணவர்களே, கருவியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அஃது இயங்கும் வகையையும் வினவுங்கள். வினவும் தொழிலாளனே தேர்ந்த தொழிலாளன் ஆவான்.