ஹார்லெம் குடும்பங்களைப் படமெடுத்த ஜேம்ஸ் வான் டெர் ஸீ

வாசனைப் பொட்டலங்களை விற்றுக் கொடுத்தால் கேமரா பரிசு என்று ஒரு விளம்பரம் வந்தது. அதை நம்பி விற்றுக் கேமராவை வாங்கிவிட்டான் ஒரு சிறுவன். பின்னாளில் நியூயார்க் ஹார்லெம் பகுதியின் கறுப்பினக் குடும்பங்களை அறுபது ஆண்டுகளுக்கு மேல் படமெடுத்த ஜேம்ஸ் வான் டெர் ஸீதான் அவர்.

1886 ஜூன் 29ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெனாக்ஸ் ஊரில் பிறந்தார். இளவயதில் நியூயார்க் வந்து உணவகத்தில் பரிமாறினார், மின்தூக்கி இயக்கினார், வயலினும் பியானோவும் வாசித்தார். 1915இல் நியூவார்க் நகரக் கடையொன்றின் ஸ்டூடியோவில் இருட்டறை உதவியாளர் வேலை கிடைத்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில், மனைவி கெய்னெல்லாவின் துணையோடு ஹார்லெமில் சொந்த ஸ்டூடியோ திறந்தார்.

அக்காலத்து அமெரிக்க விளம்பரங்களிலும் அஞ்சலட்டைகளிலும் கறுப்பினத்தவர் கேலிச் சித்திரங்களாகத்தான் இருந்தார்கள். வான் டெர் ஸீயின் ஸ்டூடியோவுக்குள் நிலைமை வேறு. பின்னால் கணப்படுப்பு வரைந்த திரை, பக்கத்தில் பூச்சாடி, நல்ல நாற்காலி. வேலைக்காரப் பெண்ணும் சுமைதூக்குபவரும் இருப்பதிலேயே நல்ல உடையில் வந்து உட்கார்ந்தார்கள். அவர் அவசரப்படாமல் தலையின் சாய்வையும் கைகளின் இடத்தையும் சரிசெய்த பிறகே படம் பிடிப்பார்.

அதோடு விடமாட்டார். நெகட்டிவில் கைவைத்து முகச் சுருக்கத்தை நீக்குவார், மோதிரமோ மாலையோ வரைந்து சேர்ப்பார். 1926இல் எடுத்த திருமணப் படமொன்றில், மணமக்களின் காலடியில் இனிமேல் பிறக்கப்போகும் குழந்தையை நிழல்போல் இணைத்துவிட்டார்! இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேலிச் சித்திரம் வரைந்தவர்கள் யாரும் அந்த மக்களிடம் அனுமதி கேட்கவில்லை. இங்கே அவர்களே காசு கொடுத்து, எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

1924இல் மார்க்கஸ் கார்வேயின் இயக்கத்திற்கு அதிகாரபூர்வப் படக்காரரானார். 1932இல், நாடே பொருளாதார மந்தத்தில் தவித்தபோது, ரோம அங்கி அணிந்த தம்பதியைப் பளபளக்கும் கேடிலாக் காருடன் எடுத்த படம்தான் இன்றும் அவருக்கு அதிகப் புகழ் தருகிறது.

துக்க வீடுகளும் அவரை அழைத்தன. இறந்த குழந்தையைப் பெற்றோர் மடியில் தூங்குவதுபோல் ஏந்தியிருக்க எடுத்துக் கொடுத்தார். 1927இல் பதின்ம வயது மகள் ரேச்சல் இறந்தாள். சவப்பெட்டியில் கிடந்த அவளையும் அவரே படமெடுத்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுக்கு வீடு கேமரா வந்துவிட, தொழில் படுத்தது. பழைய படங்களைப் புதுப்பித்துக் கொடுத்துப் பிழைத்தார். 1969இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஹார்லெம் பற்றிய கண்காட்சியில் அவர் படங்களை வைத்தது. கறுப்பின ஓவியர்களின் படைப்புகளுக்கு இடமில்லை என்று வாசலில் எதிர்ப்பு எழுந்தது. ஆனால் உள்ளே போனவர்கள் பேசியது வான் டெர் ஸீயைப் பற்றித்தான். அதே ஆண்டில் அவரும் நோயுற்ற மனைவியும் குடியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அப்போது அவருக்கு வயது 80ஐத் தாண்டியிருந்தது.

கெய்னெல்லா 1976இல் காலமானார். 1978இல் மறுமணம் செய்துகொண்ட வான் டெர் ஸீ மீண்டும் கேமராவை எடுத்தார். முகம்மது அலியும் அவர் முன் வந்து அமர்ந்தார். 1983 மே 15ஆம் தேதி வாஷிங்டனில், ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டம் பெற்ற பிறகு, 96ஆம் வயதில் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற ஏறக்குறைய 20,000 படங்களையும் 30,000 நெகட்டிவ்களையும், ஹார்லெம் ஸ்டூடியோ அருங்காட்சியகத்துடன் சேர்ந்து 2021இல் பெற்றுக்கொண்டது அதே மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம்.