செபமாலையோடு பிச்சைக்கு வந்தவர்

1687ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் வீடு வீடாக ஒரு பிச்சைக்காரர் போய்க்கொண்டிருந்தார். கழுத்தில் செபமாலை தொங்கியது. கிடைக்கிற சோற்றை விட, அந்த மாலையைக் கண்டதும் வீட்டுக்காரரின் முகம் எப்படி மாறுகிறது என்பதையே அவர் கவனித்தார். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்ததிலிருந்து கத்தோலிக்கக் குருமாருக்கு இங்கே இடமில்லை. ஏறக்குறைய முப்பது வருடங்களாகத் திருப்பலி காணாத சனங்கள் தங்கள் விசுவாசத்தை வீட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். அவர்களைத் தேடித்தான் யோசப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் கடல் கடந்து வந்திருந்தார்.

கோவாவில் 1651இல் பிறந்து, 1676இல் குருவானவர் அவர். பின்னர் கோவாவின் ஒரட்டோரியன் சபையில் சேர்ந்தார். அந்தச் சபை தன் முன்னோடியாகக் கொண்ட ரோமாபுரியின் பிலிப்பு நேரி, சிரிப்புக்கும் குறும்புக்கும் பேர்போன புனிதர். வாஸ் அடிகளார் அப்படிப்பட்ட கலகலப்பான மனிதரல்ல. நோன்பும் செபமும் வெறுங்கால் நடையுமாக வாழ்ந்தவர். ஆனாலும் நேரியின் மகிழ்ச்சி இவரிடமும் இருந்தது. அது வேறு விதமாக வெளிப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வந்த புதிதில் கடும் வயிற்றோட்டம் அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோனது. ஊர்ச்சனம் கொடுத்த கஞ்சியில் உயிர் தப்பினார். பிறகு சில்லாலை அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. பகலில் மறைந்திருந்து, இரவில் திருப்பலி வைத்தார். பிடிபட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்தும் சனங்கள் இருட்டில் நடந்து வந்தார்கள். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம், வருடக்கணக்காகத் தேங்கிக் கிடந்த பாவசங்கீர்த்தனம், திருமணங்களுக்கு ஆசீர்வாதம் என்று விடியும்வரை வேலையிருந்தது. 1689 நத்தார் இரவில் ஒல்லாந்துச் சிப்பாய்கள் சுற்றிவளைத்தார்கள். அடிகளார் தப்பினார். பிடிபட்டவர்கள் கடுமையாகத் தண்டிக்கப்பட்டார்கள். அடிபட்டதில் ஒருவர் இறந்தே போனார். அந்த நத்தாரின் விலையைக் கொடுத்தவர்கள் ஊர்ச்சனங்கள் என்பதை இவரது சரித்திரத்தைச் சொல்கிறவர்கள் சற்று வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

புத்தளம் வழியாக 1692இல் கண்டிக்குப் போனவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று சிறைவைத்தார்கள். அங்கே அவர் சிங்களம் படித்தார். காவல் கொஞ்சம் தளர்ந்ததும் சிறை வளவிலேயே ஒரு குடிலும் பீடமும் எழுப்பினார். நத்தார் திருப்பலிக்கு நகரத்துக் கத்தோலிக்கர் அந்தச் சிறைக்கே வந்தார்கள்.

பெரும் வரட்சியில் அவர் செபித்து மழை பெய்தது என்றும், அதனால் மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரை விட்டுவிட்டான் என்றும் சொல்வார்கள். எனக்கு அதை விட 1697தான் பெரிது. கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னன் நகரத்தை விட்டுப் போனான். நோயாளரைச் சொந்தக்காரரே காட்டோரம் விட்டுவிட்டு ஓடினார்கள். அடிகளாரும் அவருடைய உறவினரான கார்வாலியோ அடிகளாரும் போகவில்லை. குடிசை போட்டுக் கொடுத்து, கஞ்சி காய்ச்சி, புண் கழுவி, இறந்தவர்களைத் தாங்களே புதைத்தார்கள். யார் என்ன சமயம் என்று பார்க்கவில்லை. சாகப்போகிற ஒருவர் தனியே சாகக்கூடாது என்பதே அவர்களுடைய எண்ணம். யாழ்ப்பாணத்தில் தான் வாங்கிக் குடித்த கஞ்சியை அவர் இங்கே திருப்பிக் கொடுத்தார் என்றும் சொல்லலாம்.

அதன்பிறகு அரசனின் மதிப்பு கிடைத்தது, கோவாவிலிருந்து உதவிக்குக் குருமார் வந்தார்கள். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். வாஸ் அடிகளார் தன் உடல் தேயும்வரை நடந்தார். 1711 சனவரி 16ஆம் திகதி கண்டியில் காலமானார்.

2015 சனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று பின்னேரமே பாப்பரசர் மடுவுக்குப் போனார். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அங்கே காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் இருந்த மடு மாதாவின் சுரூபம், ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து சனங்கள் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடியது. 2008இல் ஷெல்லடிக்கு நடுவே இன்னொரு தடவை தூக்கிச் செல்லப்பட்டுத் திரும்பி வந்தது.