முத்துப் பார்களை ஆராய்ந்த ஹார்னெல்

கடலுக்கு நெடுந்தொலைவில், விவேக் நகரில் வாழும் நம் இல்லங்களிலும் பூசையறையில் ஒரு சங்கு இருக்கும். நகைப்பெட்டியில் இரண்டொரு முத்தும் இருக்கும். கொற்கை முத்தின் புகழை நம் மக்களுக்குச் சொல்லி வளர்க்கிறோம். ஆயின் சங்கும் முத்தும் விளையும் மன்னார் வளைகுடாவுக்குத் தம் வாழ்நாளின் சிறந்த பகுதியை அளித்த ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் ஆங்கிலேயரை நம்முள் அறிந்தோர் சிலரே.

அன்னார் 1865இல் பிறந்தவர். ஜெர்சித் தீவில் கடலுயிர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நடத்திப் பயின்றவர். 1902ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பேராசிரியர் ஹெர்டுமனுக்குத் துணைவராக இலங்கைக்கு வந்தார். 1891க்குப் பின் அங்கு முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. கோடிக்கணக்கில் கிடந்த சிப்பிகள் மறைவதேன் என்று கண்டறிவதே அவர்கள் பணி. சில திங்களில் பேராசிரியர் தாயகம் திரும்பினார். பார்களைச் சுற்றி வந்து ஆராயும் பொறுப்பு ஹார்னெலிடம் நின்றது.

பார் என்பது கடலடியில் சிப்பி பற்றி வளரும் பாறைத்தளம் என்பதைத் தூத்துக்குடிப் பக்கத்தார்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் எண்ணிறந்து படியும். முதிருமுன் தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் அவற்றை வாரிச் சென்றுவிடும். எஞ்சியவை திருக்கை முதலிய மீன்களுக்கு இரையாகும். ஆதலின் இளஞ்சிப்பிகளை அள்ளிப் பாதுகாப்பான பார்களில் பரப்பலாம் என்று இருவரும் கருதினர். பயிர் செய்வோன் நாற்றைப் பிடுங்கி நடுவது போன்றதே இது.

1903 முதல் நல்ல விளைவு கண்டது. 1905இல் மரிச்சுக்கட்டிக் கரையில் நடந்த குளிப்பு, இலங்கை அரசுக்கு அதுவரை காணாத வருவாயை அளித்தது. இதனைக் கண்ட வணிகர் ஒரு கம்பெனி கூட்டி, ஆண்டுக்கு 3,10,000 ரூபாயாக 20 ஆண்டுக்குப் பார்களைக் குத்தகை எடுத்தனர். அறிவியல் கைகொடுக்கும் என்ற நம்பிக்கையே அவர்தம் துணிவுக்குப் பெருங்காரணம். 1907க்குப் பின் சிப்பிகள் மீண்டும் மறைந்தன. கம்பெனி குத்தகைக் காலம் முடியுமுன்னரே கலைந்தது. இலங்கையில் அடுத்த குளிப்பு 1925இல்தான் நிகழ்ந்தது!

சிப்பியினுள் புகும் நாடாப்புழுவின் இளம்பருவமே முத்துக்குக் கரு என்று அவர்கள் கொண்ட கொள்கையும் பின்னர் நிலைபெறவில்லை. சிப்பி ஓட்டின் உட்புறத்தை ஒட்டிய மெல்லிய சதை மடிப்பிலுள்ள உயிரணுக்களே முத்தைச் சுரக்கின்றன என்பது இன்று தெளிவு.

இத்தகைய தோல்விக்குப்பின் வேறொருவராயின் கப்பலேறியிருப்பார். ஹார்னெலோ 1908இல் சென்னை அரசின் மீன்துறையில் சேர்ந்து, அதே கடலின் இக்கரைக்கு வந்தார். சர் பிரெடரிக் நிக்கல்சன் அத்துறையைத் தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது. 1910 அளவில் பழவேற்காட்டு ஏரியில் உண்ணும் சிப்பியை வளர்க்க முயன்றார். இந்தியாவில் சிப்பி வளர்ப்பின் முன்னோடி முயற்சி அதுவே எனலாம்.

அவர் பணிகளுள் நாம் மிகவும் போற்றுவது சங்காராய்ச்சி. 1914இல் அவர் வெளியிட்ட நூலில், சங்கு குளிக்கும் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள் ஆகியோரின் தொழில்முறையும், வங்காளத்தில் சங்கு வளையாகும் வகையும், சமயச் சடங்குகளில் அதன் இடமும் ஒருங்கே விரிகின்றன. கடாவின் முறுக்கிய கொம்பை ஒத்த சங்கின் முட்டைக்கூட்டையும் ஆராய்ந்தார். கொற்கையில் அறுபட்ட சங்குத் துண்டுகளைக் கண்டு, பாண்டிய நாட்டிலேயே பண்டு வளைத்தொழில் சிறந்திருந்ததை நிறுவினார். நம் இலக்கியம் கூறும் சங்கறுப்போர்க்கு மண்ணிலிருந்து சான்று தந்தவர் ஒரு மீன்துறை அதிகாரி என்பது நமக்கு வியப்பே.

பின் அத்துறையின் இயக்குநராகி, 1924இல் ஓய்வு பெற்றார். ஓய்ந்திருந்தாரா? இல்லை. பசிபிக் தீவுகளுக்குச் சென்றார். நம் கட்டுமரத்தில் தொடங்கிய படகாராய்ச்சியை உலகக் கடல்கள் அனைத்துக்கும் விரித்து, 1946இல் பெருநூலாக வெளியிட்டு, 1949இல் மறைந்தார்.

தூத்துக்குடிக் கடலில் 1961க்குப் பின் பெரிய முத்துக்குளிப்பு இல்லை. ஆயின் 1973இல் அதே தூத்துக்குடியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார், சிப்பியினுள் ஒரு மணியையும் வேறொரு சிப்பியின் சதை மடிப்பிலிருந்து வெட்டிய சிறு துண்டையும் வைத்து, உருண்டை முத்தை விளைவித்தனர்.