காது கொடுத்துக் கேட்டாலே இன்ஜின் பேசும்! - ரேஸ் கார் கட்டிய கோவை கரிவரதன்

திருச்சி - சென்னை ஹைவேயில், பாடாலூர் பக்கம் போகும்போது டேஷ்போர்டில் செக் இன்ஜின் லைட் எரிந்தது. ரோட்டோர ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன். மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகினார். எந்த சென்சாரில் பிரச்னை என்று ரெண்டே நிமிஷத்தில் ஸ்க்ரீனில் வந்துடுச்சு.

அவர் டூல்ஸ் பெட்டியில் பழைய கார்புரேட்டர் ஜெட் சில கிடந்தன. குண்டூசி நுழைகிற ஓட்டையோடு சின்னச் சின்ன பித்தளைத் துண்டுகள். அதைப் பார்த்ததும் கரிவரதன் ஞாபகம்தான் வந்தது.

யார் இவர்? கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. 1954-ல் பிறந்தவர். குடும்பத் தொழில் நூல் என்றால், இவர் மனசு முழுக்க இன்ஜின். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் ரேஸ் நடந்த காலம் அது. அங்கே கார் ஓட்டிய கரி, ஓட்டுவதோடு நிற்கவில்லை. கோவையில் தானே டிசைன் பண்ணி, ரேஸ் கார்களைக் கட்ட ஆரம்பித்தார்.

அப்போ ரேஸ் என்பது பெரிய பணக்காரர்களின் விளையாட்டு. வெளிநாட்டு கார், வெளிநாட்டு பார்ட்ஸ் என எல்லாமே எட்டாத விலை. கரி வேற மாதிரி யோசித்தார். நம்ம ஊர்த் தெருவில் ஓடுகிற மாருதி 800-ன் 796 சிசி, மூணு சிலிண்டர் இன்ஜினை எடுத்து, ஒற்றை சீட் ரேஸ் காரில் வைத்தார். 1988-ல் 'ஃபார்முலா மாருதி' பிறந்தது. ஸ்பேர் பார்ட்ஸுக்குக் கப்பலை எதிர்பார்க்க வேண்டாம். உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும்!

அந்தக் கால டியூனிங் எப்படி இருக்கும் தெரியுமா? பெட்ரோல் கூடுதலாக வேணுமா, பெரிய ஓட்டை உள்ள ஜெட்டை மாட்டணும். பவர் பத்தலையா, டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி, ஸ்பார்க் வரும் நேரத்தை முன்னே தள்ளணும். ஒரு ரவுண்டு ஓட்டிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கணும். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கரி பிடித்திருந்தால் அதிகம், காபித்தூள் நிறத்தில் இருந்தால் கச்சிதம். ரேஸுக்கு வந்த பசங்க இப்படிக் கையில் கிரீஸ் பட்டுத்தான் இன்ஜினைப் புரிந்துகொண்டார்கள்.

அந்த ஃபார்முலா மாருதியில் ரேஸைத் தொடங்கியவர்களில் ஒருவர், நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 டிரைவர் ஆனார். அதைப் பார்க்க கரி இல்லை. 1995 ஆகஸ்ட்டில், விமான விபத்தில் இறந்துபோனார். வயது 41தான். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த ரேஸ் டிராக்குக்கு 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

அவர் போனபிறகு காரே மாறிப்போச்சு. ஜெட்டும் டிஸ்ட்ரிபியூட்டரும் செய்த வேலையை இப்போ ஈசியு என்கிற குட்டி கம்ப்யூட்டர் செய்கிறது. எவ்வளவு காற்று வருது, புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று சென்சார்கள் சொல்லச் சொல்ல, பெட்ரோல் அளவையும் ஸ்பார்க் நேரத்தையும் அதுவே நொடிக்கு நொடி திருத்துகிறது. இன்னிக்கு டியூனிங்னா, லேப்டாப்பில் அந்தக் கணக்கை மாற்றி எழுதுவது. பேரு ரீமேப்.

ஸ்க்ரூ டிரைவரைவிட இது துல்லியம்தான். ஆனால், சாஃப்ட்வேருக்கு கம்பெனி பூட்டுப் போட்டிருக்கும். உடைத்தால் வாரன்ட்டி போகலாம். ரோட்டில் ஓடுகிற வண்டியில் புகை அளவு மாறினால் சட்டச் சிக்கலும் வரும். கணக்குத் தெரியாமல் நெட்டில் கிடைத்த ஃபைலை ஏற்றினால், பிஸ்டனே உருகலாம்.

எனக்கு உறுத்துவது வேற. திறக்கவே முடியாத பெட்டியை வைத்துக்கொண்டு, அடுத்த தலைமுறை எதைத் தொட்டுக் கத்துக்கும்? பாடாலூர் மெக்கானிக் ஸ்கேனர் சொன்னதை அப்படியே நம்பவில்லை. கடைசியில் பானெட்டைத் திறந்து, இன்ஜினை ரேஸ் பண்ணி, காதைக் கொடுத்துக் கேட்டார். சென்சாருக்குப் போகிற ஒயர்தான் லூஸ். சென்சார் நல்லாவே இருந்தது!

ரீமேப் கத்துக்கப் போகிற தம்பிகளே, தங்கைகளே... லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னாடி, ஒரு பழைய மாருதி 800 கிடைத்தால் பானெட்டைத் திறந்து பாருங்க. கரி ஆரம்பித்த இடம் அதுதான்.