கடைவீதியில் ஓர் அறவோர்: ஸ்ரீமத் ராஜசந்திரர்

இல்லறத்தார்க்கு உரிய ஐந்து அணுவிரதங்களை நம் இல்லத்துச் சிறுவர்களும் மனப்பாடமாகச் சொல்வர். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை விழையாமை, மிகுபொருள் விரும்பாமை என்னும் அவ்வைந்தும் ஜினாலயத்தில் அமர்ந்து சொல்லுங்கால் எளியனவாகவே தோன்றும். தராசின் முன்னும் கணக்கேட்டின் முன்னும் அமரும்போதுதான் அவற்றின் அருமை விளங்கும். துறவு பூணாமல், மனைவி மக்களோடு வாழ்ந்து, பம்பாய் நகரின் முத்து வணிகத்தில் ஈடுபட்டிருந்த நிலையிலேயே அவ்விரதங்களைக் காத்தவர் ஸ்ரீமத் ராஜசந்திரர். 33 ஆண்டுகளே வாழ்ந்த அப்பெருமகனாரின் வரலாறு இல்லறத்தார் ஒவ்வொருவரும் அறியத்தக்கது.

சௌராட்டிரத்தில் மோர்பி நகரை அடுத்த வவாணியா என்னும் சிற்றூரில் 1867-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் ரவ்ஜிபாய் மேத்தா, தாயார் தேவ்பா. பாட்டனார் கண்ணபிரானை வழிபடும் வைணவர். தாயாரோ சமண மரபில் வந்தவர். இரு நெறிகளும் நிலவிய அவ்வில்லத்தில் வளர்ந்த சிறுவன், எல்லா உயிர்களிடத்தும் நட்பு வேண்டும் பிரதிக்ரமண நூல்களைப் படித்தபின் சமண நெறியின்பால் ஈர்க்கப்பட்டான். ஏழாம் அகவையில், தமக்கு அறிமுகமான ஒருவர் பாம்பு தீண்டி இறந்ததையும், அவருடல் எரியூட்டப்பட்டதையும் கண்டு, இறப்பு என்பது யாது என்னும் சிந்தனையில் ஆழ்ந்ததாக அவர்தம் வரலாறு கூறும்.

இளமையில் தந்தையின் கடையில் அமர்ந்து வணிகம் பார்த்தார். பிற்காலத்தில் தம் இளமையைப் பற்றி எழுதியபோது, அக்கடையில் எவரிடமும் விலையைக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை, எடையிலும் கூட்டிக் குறைத்து நிறுத்ததில்லை என்று அவரே குறித்துள்ளார். பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் வித்து அச்சிறு கடையிலேயே ஊன்றப்பட்டது எனலாம்.

அவருடைய நினைவாற்றல் வியத்தகு தன்மையது. ஒரே நேரத்தில் பல செய்திகளில் கவனம் செலுத்தி, அவற்றை வரிசை பிறழாது திரும்பச் சொல்லும் அவதானக் கலையில் படிப்படியாக உயர்ந்து சதாவதானி ஆனார். 1887-இல் பம்பாயில் அவர் நிகழ்த்திய சதாவதானம் பெரும்புகழ் ஈட்டியது. உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் சார்லஸ் சார்ஜண்ட் அவரை ஐரோப்பாவுக்குச் சென்று தம் ஆற்றலைக் காட்டுமாறு வேண்டினார். இருபது வயதை எட்டாத இளைஞருக்கு அதனினும் பெரிய வாய்ப்பு வேறு இருந்திருக்க இயலாது. அவரோ அவ்வழைப்பை ஏற்கவில்லை. புகழ் ஆன்ம முன்னேற்றத்துக்குத் தடையாகும் என்று கருதி, சிறிது காலத்தில் அவதான நிகழ்ச்சிகளையே அறவே கைவிட்டார்.

1888-இல் ஜபக்பென் என்னும் நங்கையை மணந்தார். பின்னர் ரேவாசங்கர் ஜகஜீவன் என்பாரோடு கூட்டுச் சேர்ந்து பம்பாயில் முத்து, வைர வணிகம் நடத்தினார். இலட்சக் கணக்கான ரூபாய் புழங்கிய வணிகம் அது. அவர் இருக்கையருகே ஏதேனும் ஒரு சமய நூலும் குறிப்பேடும் எப்போதும் இருக்கும். பேரம் முடிந்த அடுத்த கணமே அவர் கை அவற்றை நாடும் என்று காந்தியடிகள் தம் சுயசரிதையில் வியந்து எழுதியுள்ளார்.

அவ்வணிக வாழ்வில் நிகழ்ந்தனவாக அவர்தம் வரலாற்று நூல்கள் கூறும் நிகழ்ச்சிகள் இரண்டு. ஒரு வணிகர் குறித்த விலைக்குக் குறித்த நாளில் வைரங்கள் தருவதாக அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். இதற்கிடையே சந்தை விலை பன்மடங்கு ஏறிவிட்டது. ஒப்பந்தப்படி கொடுத்தால் அவ்வணிகர் வீடு வாசல் அனைத்தையும் இழக்க நேரும். செய்தி அறிந்த ராஜசந்திரர் தாமே அவருடைய கடைக்குச் சென்றார். எப்பாடு பட்டேனும் கொடுத்து விடுவதாக அவர் கலங்கிக் கூற, ராஜசந்திரர் அந்தப் பத்திரத்தை வாங்கிக் கிழித்தெறிந்தார்.

மற்றொரு முறை, அரபு நாட்டு வணிகர் ஒருவர் தம் தமையனைக் கேளாமலே முத்துகளை இவரிடம் விற்றுவிட்டார். தமையன் கடிந்துகொள்ள, அவர் அஞ்சி ஓடிவந்தார். இலாபம் பெரிதாக வரக்கூடிய சரக்காக இருந்தும், முத்துப் பொதியை அப்படியே திருப்பிக் கொடுத்துத் தம் பணத்தை மட்டும் பெற்றுக்கொண்டார் ராஜசந்திரர்.

இவ்விரண்டிலும் சட்டம் அவர் பக்கமே இருந்தது. வழக்கு மன்றம் சென்றிருந்தாலும் தீர்ப்பு அவருக்கே சாதகமாகியிருக்கும். சட்டம் தனக்கு அளித்த உரிமையைப் பிறர் கண்ணீரைக் கண்டு விட்டுக்கொடுப்பதா என்பதே அங்கு எழுந்த வினா. ஏட்டில் படித்த கொல்லாமையும் மிகுபொருள் விரும்பாமையும் அங்கே விடையாயின. இதனால் அவரை ஏமாளி என்று எண்ணிவிடலாகாது. எதிரில் இருப்பவர் சூது செய்ய முனைந்தால் உடனே கண்டுகொள்வார். அப்போது அவர் புருவம் நெரியும், கண்கள் சிவக்கும் என்றும் காந்தியடிகளே குறித்துள்ளார்.

மோகன்தாஸ் காந்தி 1891-இல் இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது டாக்டர் பிராண்ஜீவன் மேத்தாவின் வழியாக இவரை அறிந்தார். தென்னாப்பிரிக்காவில் சமய ஐயங்கள் சூழ்ந்தபோது, 1894-இல் 27 வினாக்களை எழுதி இவரிடம் விளக்கம் பெற்றார். டால்ஸ்டாய், ரஸ்கின் ஆகியோரோடு ஒருங்கு வைத்துத் தம் வாழ்வில் ஆழப் பதிந்தவராக இவரைப் போற்றினார்.

காந்தியடிகள் கூறும் சிறு நிகழ்ச்சி ஒன்று நம் உள்ளத்தைத் தொடுவது. தோல் பொருள்களை இயன்றவரை தவிர்ப்பது பற்றி இருவரும் ஒருமுறை உரையாடினர். அப்போது ராஜசந்திரரின் தொப்பியிலேயே தோல் இருப்பதைக் காந்தி சுட்டிக் காட்டினார். அதுவரை அவர் அதைக் கவனித்ததில்லை. தம்மினும் இளையவர் சுட்டினாரே என்று நாணவில்லை, வாதாடவும் இல்லை. அக்கணமே அத்தோலைப் பிய்த்து எடுத்துவிட்டார். தவறு தெரிந்ததும் திருத்திக்கொள்ளும் இந்த எளிமை, பத்திரத்தைக் கிழித்த பெருந்தன்மைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறும். திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரச ஆணையை மீறி வணிகம் செய்தல், அளவையிலும் நிறையிலும் ஏமாற்றுதல், கலப்படம் செய்தல் என்பன அவை. ஐந்தனுள் பெரும்பாலானவை கடைவீதியில் நிகழ்வன என்பதை நோக்குக. எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்ப்பேட்டை, திருக்கோவலூர் வட்டாரத்துக் கடைவீதிகளில் நெல்லும் மணிலாவும் நிறுக்கப்படும் பொழுதெல்லாம் இச்சூத்திரம் சோதிக்கப்படுகிறது. மூட்டைக்கு எடைக்கழிவு எவ்வளவு பிடிப்பது, ஈரப்பதத்தை மறைப்பதா சொல்வதா, விலை ஏறியபின் பழைய சொல்லைக் காப்பதா என்பன நாள்தோறும் எழும் வினாக்கள். திருநறுங்கொண்டை மலையேறி அப்பாண்டைநாதரை வணங்கி இறங்குவோர், மலையடிவாரத்திலேயே அவ்வினாக்களை எதிர்கொள்கின்றனர்.

ராஜசந்திரர் வணிகத்தில் இருந்துகொண்டே ஆண்டுதோறும் சில காலம் குஜராத்தின் தனியிடங்களுக்குச் சென்று தியானத்தில் அமர்ந்தார். வணிகமும் துறவு வேட்கையும் அவர் உள்ளத்தில் போராடியதை அவர்தம் கடிதங்கள் காட்டும். 1896-இல் நடியாத் நகரில் 142 பாடல்கள் கொண்ட ஆத்மசித்தி என்னும் நூலை ஒரே அமர்வில் இயற்றினார். சுவேதாம்பர மரபில் வந்தவராயினும் குந்தகுந்தாசாரியாரின் சமயசாரத்தைப் பெரிதும் போற்றினார். பொன்னூர் மலையை அவ்வாசாரியாரின் தவநிலமாக வணங்கும் நமக்கு இச்செய்தி உவகை தருவது. இரு மரபுகளின் நூல்களையும் பதிப்பிக்கப் பரமச்ருத பிரபாவக மண்டலத்தையும் நிறுவினார். இறுதியில் வணிகத்திலிருந்து முற்றும் விலகினார். உடல் மெலிந்து, 1901 ஏப்ரல் 9-ஆம் நாள் ராஜ்கோட்டில் மறைந்தார்.

துறவியர்க்கு மகாவிரதம், இல்லறத்தார்க்கு அணுவிரதம். அணு என்பதால் அது சிறியதெனக் கொள்ளற்க. ஒரு படி நெல்லிலும், ஒரு சொல்லிலும், தொப்பியின் ஒரு துண்டுத் தோலிலும் அது தங்கியிருக்கிறது. அன்பர்கள் இவ்வரலாற்றைத் தம் மக்களுக்கு எடுத்துரைப்பதோடு, அவர்கள் காணும்படி தம் கடையிலும் களத்திலும் அதனைக் கடைப்பிடிப்பாராக.

அறம் வளர்க!