ஸ்வார்ட்ஸ் ஐயரும் ஆத்தும வஞ்சனையும்

பிறரை வஞ்சிப்பவன் ஒருநாள் அகப்படுவான். தன்னையே வஞ்சிப்பவனுக்கோ வழக்காளியும் சாட்சியும் நியாயாதிபதியும் தானே ஆதலின், விடுதலைத் தீர்ப்பு எளிதிற் கிடைத்துவிடும். பக்தியுள்ளோர் வாழ்விலே இவ்வபாயம் பெரிது. ஜெபமும் போதகமும் செய்கிறோம் என்னும் எண்ணமே நம் குறைகளை நமக்கு மறைக்கும் திரையாகிவிடும். இதனை நன்குணர்ந்து விழிப்புடன் வாழ்ந்தவர், நம் திரிசிரபுரம் என்றும் மறவாத ஸ்வார்ட்ஸ் ஐயர்.

கிறிஸ்தியான் பிரடெரிக் ஸ்வார்ட்ஸ் பிரஷ்ய தேசத்துச் சோனன்பர்க்கில் 1726-ஆம் ஆண்டு பிறந்தார். 1750-இல் தரங்கம்பாடி வந்து தமிழ் கற்றார். 1762 முதல் திருச்சிராப்பள்ளியிற் பணியாற்றினார். தெப்பக்குளத்தின் அருகே நிற்கும் கிறிஸ்து நாதர் ஆலயம் அவர் முயற்சியால் 1766-இல் எழுந்தது. கோட்டைப் பட்டாளத்தார்க்கும் அவரே குருவானார். அச்சேவைக்குக் கம்பெனியார் அளித்த ஊதியத்தில் ஒரு பங்கை மிஷன் பணிக்கே ஈந்து, எளிய அறையிலே சோறும் காய்கறியும் உண்டு வாழ்ந்தார். காவேரி கடந்து ஸ்ரீரங்கம் சென்று அந்தணரோடு சமயம் பேசுவதும் அவர் வழக்கம்.

ஒருகால் ஒரு நட்டுவனாரையும் அவர் மாணவியையும் வழியிற் கண்ட ஐயர், பரிசுத்தமில்லாதோர் எவரும் மோட்ச ராஜ்யத்தில் புகார் என்று உபதேசித்தார். அப்படியாயின் ஐரோப்பியர் ஒருவரேனும் அதிற் புகுவது அரிதே என்று அம்மங்கை விடையிறுத்துச் சென்றாள். போதகர் தொடுத்த அம்பு அவருடைய இனத்தார்மீதே திரும்பிப் பாய்ந்தது. வேறொருவராயின் அதனைத் துடுக்கென்று தள்ளி மறந்திருப்பர். ஐயரோ தம் குறிப்பேட்டிலே அதனை எழுதிவைத்தார். நம் முகத்தின் மறுவை நம் கண் காணாது. அதனைப் பிறரே காட்டவேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

பிறரும் தம்மைத்தாமே வஞ்சித்துக்கொள்ள அவர் இடங்கொடுத்தாரல்லர். ஆங்கில அதிகாரி ஒருவருடன் மணமின்றி வாழ்ந்த அந்தண விதவை ஒருத்தி ஞானஸ்நானம் வேண்டினாள். அவ்வாழ்வு நீடிக்குங்காறும் அவர் இணங்கவில்லை. அவ்வதிகாரி இறந்தபின், 1778-இல் பாளையங்கோட்டையில் அவளுக்குக் குளோரிந்தா என்னும் பெயரிட்டு ஞானஸ்நானம் அளித்தார். அவளே பின்னர் அவ்வூரில் ஓர் ஆலயம் எழுப்பினாள்.

அவருக்கே பெருஞ்சோதனை 1779-இல் வந்தது. சென்னைத் துரைத்தனத்தார் அவரைச் சமாதானத் தூதராக ஐதர் அலியிடம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினர். சமாதானப் பணி என்ற நல்ல பெயரின்கீழ்ப் பொருளாசை ஒளிந்து நுழையலாம் என்றுணர்ந்த அவர், எவ்வித வெகுமதியும் ஏற்பதில்லையெனப் புறப்படுமுன்னரே உறுதிகொண்டார். வழிச்செலவுக்கென்று ஐதர் அளித்த 300 ரூபாயைத் துரைத்தனத்தாரிடமே ஒப்படைக்க முன்வந்தார். அவரே வைத்துக்கொள்ளுமாறு அவர்கள் கூறவே, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதனை முதலாக்கினார். மறு ஆண்டே போர் மூண்டது, தூது பலிக்கவில்லை. ஆயினும் தூதர்மீது ஐதருக்கிருந்த நம்பிக்கை குன்றவில்லை. போர்க்காலத்தும் ஐயரைத் தடையின்றிச் செல்லவிடுமாறு அவர் கட்டளையிட்டார்.

ஐயர் 1798, பிப்ரவரி 13-இல் தஞ்சையில் தேகவியோகமானார். சரபோஜி மன்னர் பளிங்கிலே அவருக்கு நினைவுச் சின்னம் அமைத்தார். தம் பொருளை அவர் மிஷனுக்கே விட்டுச் சென்றார்.

மாணவ நண்பர்காள்! சோதனை வந்தபின் மனத்தைக் கேட்டால், அது நமக்கு இனியதையே சொல்லும். வருமுன் எல்லை வகுத்துக்கொள்வதும், நம்மைக் கடிந்து பேசுவோர் சொல்லை எழுதிவைத்து எண்ணிப்பார்ப்பதுமே ஐயர் கைக்கொண்ட காவல்கள். இவ்விரண்டும் நமக்கும் எட்டாதவை அல்ல.