சேற்றில் பிறந்த விடை

அல்கேன் குடும்பத்தின் மூத்த பிள்ளை மீத்தேன். அதைச் சதுப்பு நில வாயு என்பது ஏன்? தேர்வில் அடிக்கடி வரும் இவ்வினாவின் விடைக்குப் பின்னே நிற்பவர் அலெசாண்ட்ரோ வோல்ட்டா.

1745-ஆம் ஆண்டு இத்தாலியின் கோமோ நகரில் பிறந்தார். நான்கு வயதுவரை பேச்சு வராததால், மந்த புத்தியோ என்று வீட்டார் கலங்கினர். அப்பிள்ளையே பின்னர் இயேசு சபையார் பள்ளியில் சிறந்து விளங்கினான்.

எரியும் காற்றைப் பற்றிக் குருவானவரான நண்பர் ஒருவர் சொல்லக் கேட்ட வோல்ட்டா, 1776 நவம்பரில் மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கோலால் கிளறினார். குமிழிகள் எழுந்தன. அவ்வாயுவைக் குப்பியில் பிடித்துத் தீ காட்டினார். நீலச் சுடருடன் எரிந்தது! காற்றுப் புகாத சேற்றில் தாவரங்கள் மட்குவதால் உண்டாகும் மீத்தேனே அது. ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன் என்னும் வாய்பாடு பின்னாளில்தான் தெளிவாயிற்று.

1800-இல் மின்கலத்தால் உலகப் புகழ் பெற்றபோதும் திருப்பலியை மறவாத அவர், 1827-இல் இறைவனடி சேர்ந்தார்.

தோழியரே, வாய்பாட்டை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கிடைக்கும். சேற்றையும் உற்று நோக்கினால் அறிவு கிடைக்கும். பேசத் தாமதித்த பிள்ளை நமக்குச் சொல்லும் பாடம் இதுவே.